முட்டுக்கட்டை முதல் டிஸ்க் பிறேக்கு வரை: மலைநாட்டு இறக்கங்களில் தடுப்புக் கருவியின் வரலாறு

மலையேறுதற்கு வழிகண்ட மனிதன் மலையிறங்குதற்கு வழிகாண நெடுங்காலம் எடுத்துக்கொண்டான். ஏற்றத்துக்கு வேண்டியது வலிமை. அதனை எருதும் குதிரையும் நீராவியும் பெற்றோலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கொடுத்தன. இறக்கத்திலோ வலிமையைப் புவியே வேண்டாமலே தருகின்றது. அதனை அடக்குதற்குரிய கருவியே அங்கு வேண்டப்படுவது. நுவரெலியாவுக்கு வீதி போடப்பட்ட வரலாற்றையும் ஹற்றனுக்குப் புகையிரதம் வந்த வரலாற்றையும் எழுதினோர் பலர். ஏறிய வண்டி எங்ஙனம் உடையாமல் இறங்கி வந்தது என்பதை எழுதினோர் மிகச் சிலரே. இக்காலத்தில் தலவாக்கலையிலோ பத்தனையிலோ ஓர் ஆசிரியரோ தோட்டத்து எழுதுவினைஞரோ விடுமுறை நாளொன்றில் தம் வீட்டு முற்றத்தில் தம் காரின் பின்சில்லுகளுக்குரிய பிறேக்குப் பாட்களைத் தாமே மாற்றுகின்றார். எளிய வேலையாகத் தோன்றும் இதன் ஒவ்வொரு படியிலும் அவ்வெழுதப்படாத வரலாறு அடங்கியிருக்கின்றது.

தமிழருக்குத் தடுப்புக் கருவி புதிதன்று. தேரோட்டத்தின்போது பெருஞ்சில்லுகளின் முன்னே மரக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்தவும் திருப்பவும் வல்ல தொழிலாளர் தொன்றுதொட்டு இருந்து வருகின்றனர். அக்கட்டையே முட்டுக்கட்டை எனப்படும். ஒரு நற்கருமத்துக்கு இடையூறு செய்வோனை ‘முட்டுக்கட்டை போடுகின்றான்’ என இகழ்வது இன்றைய வழக்கு. தேர்வீதியில் கட்டை போடுவோனை எவரும் இகழ்ந்ததில்லை. அவன் கை பிசகினால் வடம்பிடிப்போர் உயிருக்கே கேடு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் நீரழுத்தத்தால் இயங்கும் பிறேக்கைப் பொருத்திய பின்னரும் அங்கு முட்டுக்கட்டையின் பயன் அற்றுப்போகவில்லை என்பது நினைக்கத்தக்கது.

மத்திய மலைநாட்டில் வண்டிவீதி அமைவதற்கு முன், பொதிமாட்டுத் தவளங்களே பண்டங்களை ஏற்றியிறக்கின. நான்கு காலும் தரையில் ஊன்றி நடக்கும் விலங்குக்குப் பிறேக்கு வேண்டியதில்லை. 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பாண்ஸ் காலத்திலே கொழும்பு–கண்டி வீதி உருவாயிற்று. அதனை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவைக் கணவாயில் இன்றும் நிற்கின்றது. 1832இல் அவ்வீதியில் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மன்னாரில் இறங்கி, வடபாதை வழியே தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாய் வந்த தமிழ்த் தொழிலாளர் காட்டை அழித்துக் கோப்பி நட்டனர், வீதிகளையும் வெட்டினர். அவர்கள் பறித்த கோப்பி மாட்டுவண்டிகளில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிற்று. மேலே போகும்போது அரிசி, கீழே வரும்போது கோப்பி. பாரமேற்றிய வண்டி சரிவில் இறங்கும்போது அதன் எடை முழுவதும் நுகத்தின் வழியே மாட்டின் பிடரியை நெருக்கும். சில்லைக் கயிற்றாற் கட்டி உருளாமல் இழுத்தலும், சில்லின்மேல் மரக்கட்டையை அழுத்தித் தேய்த்தலும், நின்ற இடத்திற் கல்லை அடை கொடுத்தலுமே மலைப்பாங்கான நாடுகளில் வண்டிக்காரர் எங்கும் அறிந்திருந்த உபாயங்கள்.

இவற்றுள் இரண்டாவதே இன்றைய பிறேக்குப் பாட்டின் முன்னோன். அதற்கொரு சுவையான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷயர்ப் பகுதி குன்றுகள் நிறைந்தது. அங்கு ஹேபேட் ஃபுறூட் என்பவர், இறக்கத்தில் வரும் குதிரைவண்டிக்காரர் தம் மரக்கட்டைகளிலே பழைய சப்பாத்துகளைப் பொருத்திச் சில்லைத் தடுப்பதைக் கண்டார். வெறுங்கட்டையைவிடத் தோல் நன்கு பிடித்ததைக் கண்ட அவர் 1897இல் உராய்வுக்கென்றே தனிப்பொருள் செய்யத் தொடங்கினார். ‘ஃபெரோடோ’ என்னும் பெயர் அவர் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவியின் பெயர் முதலெழுத்தையும் சேர்த்து அமைத்ததென்பர். தோலும் பருத்தியும் வெப்பத்திற் கருகின. ஆதலின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் இடத்தைக் கல்நார் பெற்றது. வெப்பத்தை வென்ற அக்கல்நாரின் தூசு மனிதனின் நுரையீரலையும் வென்றது. பிரித்தானியா 1999இலேதான் வெண்கல்நாரின் பயன்பாட்டைத் தடைசெய்தது. பிறேக்குத் தூசை வாயால் ஊதலாகாது, காற்றுக்குழாயால் அடித்தலாகாது, ஈரத்துணியாலே துடைக்கவேண்டும் என்னும் விதி இவ்வனுபவத்தின் பயனாகும்.

இனிப் புகையிரதத்தைக் கருதுவோம். 1867இல் கண்டியை அடைந்த பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹற்றனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் நீண்டது. இதற்கிடையே கோப்பியை இலைநோய் அழித்துவிட, அவ்விடத்தைத் தேயிலை கொண்டது. நாவலப்பிட்டிக்கு அப்பால் 44 அடிக்கு ஓரடி என்னும் அளவில் ஏறும் அப்பாதை 1,898 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொலவில் உச்சி கண்டு, 1924இல் பதுளையைச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள வண்டித்தொடர் அச்சரிவில் இறங்குங்கால், இயந்திரத்தின் பிறேக்கு ஒன்றே போதாது. ஒவ்வொரு பெட்டியும் தன்னைத் தானே பிடித்தல் வேண்டும். அதிலும், தொடர் இடையில் அறுந்தால், அறுந்த பகுதியை யார் பிடிப்பது?

இவ்வினாவுக்கு விடை அயர்லாந்தில் மிகக் கொடிய விலைக்கு வாங்கப்பட்டது. 1889 ஜூன் 12ஆம் நாள், ஆர்மா நகரிலிருந்து பிள்ளைகளையும் பெற்றோரையும் உல்லாசப் பயணம் கொண்டுசென்ற புகையிரதம் ஒரு சரிவில் உச்சியை அணுகும்முன் ஏறமாட்டாது நின்றது. முற்பகுதியை முதலில் இழுத்துச் செல்லக் கருதிப் பின்னிருந்த பெட்டிகளைக் கழற்றினர். அவ்வண்டியின் வெற்றிட பிறேக்கு, வெற்றிடம் உண்டாக்கினாலே பிடிக்கும் வகையினது. இயந்திரத்தினின்று பிரிந்ததும் பிடி தளர்ந்துவிடும். கடைசிப் பெட்டியின் கைப் பிறேக்கும் சில்லுகளின்கீழ் வைத்த கற்களுமே அப்பெட்டிகளைத் தாங்கின. முற்பகுதி புறப்படுங்கால் சிறிதே பின்னிடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த மற்றொரு புகையிரதத்துடன் மோதின. ஏறக்குறைய 80 பேர் மாண்டனர். அவருட் பலர் சிறுவர். அவ்வாண்டே பிரித்தானியப் பாராளுமன்றம் பயணிகள் வண்டிகள் அனைத்துக்கும் தானியங்கும் தொடர் பிறேக்கு வேண்டுமெனச் சட்டமியற்றியது.

தானியங்கும் பிறேக்கின் தத்துவம் முன்னையதை அப்படியே தலைகீழாக்கியது. வெற்றிடம் உள்ளவரை பிறேக்கு விலகி நிற்கும். குழாய் உடைந்தாலோ பெட்டி பிரிந்தாலோ காற்று உட்புகுந்து, எவரும் தொடாமலே பிறேக்கு விழுந்துவிடும். ஓடுவதற்கே முயற்சி வேண்டும். நிற்பது இயல்பாக நிகழும். இத்தகைய வெற்றிட பிறேக்கையே இலங்கைப் புகையிரதப் பகுதியும் நெடுங்காலம் கையாண்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியே றாகலைக்கு 1903–1904இல் ஓடத் தொடங்கிய இரண்டரை அடி அகலச் சிறுபாதை 1940களிலே மறைந்துபோயிற்று. அதன் தடத்தை வீதியோரத்திற் கண்டறிய வயோதிபரின் துணை வேண்டும்.

மோட்டர்க் காருக்கு வந்தால் நிலைமை வேறு. காரின் கால் பிறேக்கு ஆர்மா வண்டியின் வகையினது. மிதித்தாலே பிடிக்கும், மிதிப்பதன் அழுத்தம் எங்கேனும் கசிந்தால் பிடிக்காது. அக்குறையை நிரப்பவே அதனோடு தொடர்பில்லாத இரண்டாவது பிறேக்கு ஒன்று தொடக்கத்திலிருந்தே வேண்டப்பட்டது. அதுவே கைப் பிறேக்கு. பெரும்பாலான கார்களில் அது பின்சில்லுகளையே பிடிக்கும். மலைநாட்டுக் காரின் பின் பிறேக்கு ஏனைய இடங்களினும் மிக்க கவனத்துக்குரியதாவது இதனாலேயாம். ஓடும்போது எடை முன்னோக்கிச் சரிவதால் நிறுத்தும் வேலையிற் பெரும்பங்கு முன்சில்லுகளுக்கு உரியது. இறக்கத்தில் அது இன்னும் மிகும். ஆனால் நின்ற கார் நின்றபடியே இருப்பது பின்சில்லுகளின் பொறுப்பு.

இறக்கத்தில் பிறேக்கு எவ்வளவு வெப்பத்தை ஏற்கின்றதென்பதைப் பாடசாலைக் கணக்கொன்றாலே அறியலாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து இறம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்கு வரும் கார் 1,300 மீற்றருக்கு மேல் இறங்குகின்றது. காரும் ஆட்களும் சேர்ந்து 1,200 கிலோகிராம் எனக் கொண்டால், இழக்கப்படும் நிலைச்சக்தி ஏறக்குறைய 150 இலட்சம் ஜூல். அறைவெப்பத்திலுள்ள சுமார் 50 லீற்றர் நீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எஞ்சினும் ஏற்க, எஞ்சியதெல்லாம் கையகலக் கட்டைகளின் வழியே வெளியேறவேண்டும். ஏறிய கியரிலே இறங்கு என்று பழைய லொறிச் சாரதிகள் மாணாக்கருக்குக் கற்பித்தது எஞ்சினுக்குரிய பங்கைப் பெருக்குதற்கே. தானியங்கிக் கியர் வண்டிகள் மலிந்த இந்நாளில் அவ்வறிவு மறைந்துவருகின்றது. அத்தகைய கார்களிலும் தாழ்கியருக்கு ஓரிடம் இருக்கவே செய்கின்றது, கையை அங்கு கொண்டுசெல்வோர்தான் குறைவு.

1917இல் மல்கம் லொக்ஹீட் காப்புரிமை பெற்ற நீரழுத்த முறை, மிதியின் விசையை நான்கு சில்லுக்கும் பகிர்ந்தளித்தது. 1948இல் வெளிவந்து இலங்கை வீதிகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் இம்முறையைக் கொண்டது. ஆனால் நான்கு சில்லிலும் ட்ரம் பிறேக்கு. ட்ரம் என்பது பறைபோன்ற இரும்புக் கூடு. அதன் உட்புறத்தை இரு செருப்புகள் அழுத்தித் தேய்க்கும். நீண்ட இறக்கத்திற் கூடு சூடேறி விரிந்து செருப்பைவிட்டு விலகும். உராய்வுப்பொருளின் பிடியும் சூட்டால் தளரும். மிதி ஆழ ஆழச் செல்லும், வண்டி நில்லாது. கினிகத்தேனை வளைவுகளில் தீய்ந்த நாற்றத்தோடு ஓரங்கட்டி நின்ற வண்டிகளைக் கண்டோருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இதற்கு மாற்றான டிஸ்க் பிறேக்குக்கு பேமிங்காமைச் சேர்ந்த பிரெடெரிக் லாஞ்செஸ்ரர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். சில்லோடு சுழலும் தட்டையான வட்டத்தை இருபுறமும் இரு கட்டைகள் கவ்விப்பிடித்தல் அதன் அமைப்பு. அவர் கையாண்ட உலோகக் கட்டைகள் பொறுக்கவொண்ணாது கீச்சிட்டன. தக்க உராய்வுப்பொருள் வரும்வரை அக்கருத்து அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953இல் பிரான்சின் லெமான் பந்தயத்தில் டன்லொப் டிஸ்க் பிறேக்குப் பூண்ட ஜகுவார்க் கார் வென்றது. 1955இல் சித்ரொயன் டீ.எஸ். என்னும் கார் முன்சில்லுகளில் அதனைக் கொண்டு விற்பனைக்கு வந்தது. டிஸ்க் வெளிக்காற்றிற் சுழல்வதால் விரைந்து ஆறும். சூட்டால் தடித்தாலும் கட்டையை நோக்கியே தடிக்கும். ஆகவே இறக்கங்களுக்கு அது ட்ரம்மினும் ஏற்றது. இன்றும் பல சிறு கார்கள் முன்னே டிஸ்க்கும் பின்னே ட்ரம்முமே கொண்டவை. நான்கிலும் டிஸ்க் வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது: கைப் பிறேக்கை எங்கே வைப்பது? சிலர் டிஸ்க்கின் நடுவே சிறு ட்ரம் ஒன்றை ஒளித்துவைத்தனர். பலர் பின் கலிப்பரின் பிஸ்டனுக்குள்ளேயே ஒரு திருகை அமைத்தனர். கம்பி இழுக்குங்கால் திருகு சுழன்று பிஸ்டனைத் தள்ளும். அண்மைக் காலத்தார் கம்பிக்குப் பதிலாகச் சிறு மின்மோட்டரை வைத்தனர்.

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அக்கதவு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய கார்கள் மேலும் பழையனவாயின. 2022இன் நெருக்கடி உதிரிப்பாகத்தின் விலையையும் உயர்த்திற்று. சிறு பழுதுகளை வீட்டிற் செய்துகொள்ளும் பழக்கம் பெருகியதில் வியப்பில்லை. ஆயினும், 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதல்ல குறுக்குவீதியின் இறக்கத்தில் ஒரு பஸ் வானொன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்ததை மலைநாட்டார் மறந்திலர். பிறேக்கு வேலையில் அரைகுறை என்பதற்கு அங்கே இடமில்லை.

இவ்வேலைக்கு முதல் தேவை சமதரை. தேயிலைத் தோட்டத்தில் அது எளிதிற் கிடைப்பதன்று; தொழிற்சாலை முற்றமும் கோயில் முன்றிலும் பாடசாலை மைதானமுமே பெரும்பாலும் மட்டமானவை. அடுத்த தேவை முட்டுக்கட்டை. பின் பாட்களை மாற்றுவதற்குக் கைப் பிறேக்கைத் தளர்த்தியே ஆகவேண்டும். தளர்த்தாவிடில் உள்திருகு பிஸ்டனை விடாது. அதாவது, காரை நிறுத்தி வைத்திருக்கும் ஒரே பிடியை வேலைசெய்வோன் தானே விடுவிக்கின்றான். அக்கணத்தில் அவன் ஆர்மா ஊழியரின் நிலையிலேயே நிற்கின்றான். எனவே முன்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும், நொறுங்காத மரக்கட்டைகளை அடை கொடுத்தல் வேண்டும். கியரிற் போட்டிருத்தல் துணையேயன்றிப் போதிய காவலன்று. பின்சில்லால் இயங்கும் வண்டியாயின், ஒரு பின்சில்லு உயர்ந்ததும் அப்பிடியும் அற்றுவிடும். சில்லு நட்டுகளைத் தரையில் நிற்கும்போதே சிறிது தளர்த்தி, ஜக்கால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் இருத்திய பின்பே கையை உள்ளே விடவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிய காரின்கீழ் எவரும் போதலாகாது.

சில்லைக் கழற்றியதும் டிஸ்க்கும் அதனைக் கவ்விய கலிப்பரும் தெரியும். கலிப்பரின் பின்புற போல்ட்டுகளைக் கழற்றி, அதனை மேலே கம்பியாற் கட்டித் தூக்குக. எண்ணெய்க் குழாயில் தொங்கவிட்டால் குழாய் பழுதாகும். பழைய பாட்டில் உராய்வுப்பொருள் மூன்று மில்லிமீற்றரளவுக்குத் தேய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. டிஸ்க்கின் மிகக் குறைந்த தடிப்பு அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழ்ப்பட்டால் டிஸ்க்கையும் மாற்றவேண்டும். கலிப்பர் வழுக்கிச் செல்லும் ஊசிகளைத் துடைத்து, இறப்பரைக் கெடுக்காத சிலிக்கன் கிறீஸ் இடுக. நுவரெலியாவின் மூடுபனியிலும் மழையிலும் முதலில் இறுகுவன இவையே.

புதிய பாட் தடித்தது. அதற்கு இடம்விடப் பிஸ்டன் உள்ளே போகவேண்டும். முன் பிறேக்கில் அழுத்தினாற் போதும். உள்திருகுள்ள பின் பிறேக்கில் அழுத்தியபடியே திருப்பவேண்டும்; பெரும்பாலும் வலஞ்சுழியாக, சில கார்களில் ஒரு பக்கத்துக்கு இடஞ்சுழியாக. முன் பிறேக்குப் பழக்கத்தில் இறுக்கியால் நெரித்தவர்கள் உட்பொறியை உடைத்துப் புதுக் கலிப்பர் வாங்கியிருக்கின்றனர். பிஸ்டன் முகத்திலுள்ள வெட்டு, பாட்டின் முதுகிலுள்ள முளையோடு பொருந்துமாறு நிறுத்துக. மின்மோட்டர்க் கைப் பிறேக்காயின், பரிசோதனைக் கருவியால் அதனைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே தொடலாம். பிஸ்டன் உட்செல்ல மேலேயுள்ள கலத்தில் எண்ணெய் உயரும். வழிந்தால் நிறப்பூச்சை அரிக்கும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுதல் கூடாது. இரு பின்சில்லுக்கும் ஒருங்கே மாற்றாவிடில் பிடி ஒருபுறம் இழுக்கும்.

யாவற்றையும் பூட்டியபின், காரை அசைக்குமுன், மிதியைப் பலமுறை மிதித்தல் வேண்டும். பிஸ்டன் பின்தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிகள் வெறுமையாகவே போகும்; நாலைந்து மிதிக்குப் பின்பே கடினமாகும். சமதரை நாட்டான் இதனை மறந்தால் மதிலில் இடிப்பான். தோட்டத்து வீதியில் மறந்தால் அடுத்த வளைவு அவனுக்கில்லை. மிதி கடினமாகி, கைப் பிறேக்கும் இழுத்துப் பிடித்த பின்னரே முட்டுக்கட்டைகளை எடுக்கலாம். முதல் சில நூறு கிலோமீற்றருக்கு மென்மையாகவே மிதித்துப் புதிய பாட் டிஸ்க்கோடு படிய விடவேண்டும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கி அதனைப் பரீட்சித்தல் தகாது.

பிறேக்கு எண்ணெயை மறப்போரும் உளர். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமற் கொதிக்க வேண்டுமென்பது நியமம். நீர் கலந்தபின் அவ்வளவு 155 பாகையாக இறங்குகின்றது. கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும்; ஆவி நெரியும், அழுத்தத்தைக் கடத்தாது. ஆண்டின் பெரும்பகுதி ஈரம் தோய்ந்த ஹற்றனிலும் வட்டவளையிலும் ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று.

கழற்றிய பழைய பாட்களை எறியுமுன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடைத்து. உட்புறப் பாட் மட்டும் மிகத் தேய்ந்திருந்தால் ஊசிகள் இறுகியிருந்தன. ஒரு முனை ஒடுங்கிச் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கலிப்பர் கோணியிருந்தது. முகம் பளிங்குபோல் மினுங்கினால் அக்கார் நீண்ட இறக்கமெங்கும் மிதியில் வைத்த காலை எடுக்காத ஒருவராற் செலுத்தப்பட்டது.